கிணற்றடிப் பெட்டி

தென்காசிக்கு மேற்கே, மலை இறங்கி முடிகிற இடத்தில், எலும்பு கட்டும் மடம் ஒன்று இருந்தது. கை முறிந்தவர்கள் வந்து கட்டிக்கொண்டு அன்றே வீட்டுக்குப் போய்விடுவார்கள். இடுப்பும் தொடையும் முறிந்தவர்கள் அங்கேயே படுத்துக் கிடப்பார்கள்.

பூசை, சமையல், வைத்தியம் எல்லாம் பெரிய வீட்டில் நடக்கும். படுத்துக் கிடப்பவர்களுக்குத் தனிக் கட்டடம். முற்றத்தைத் தாண்டி, கிணற்றைத் தாண்டி, வேப்பமரங்களுக்கு அந்தப் பக்கம் இருந்தது. முன்பு அது பஞ்சுக் கிடங்கு. கருங்கல் சுவர், தகரக் கூரை. பஞ்சு போய்ப் பல வருடம் ஆகியும் எல்லோரும் அதைக் கிடங்கு என்றே சொன்னார்கள்.

மடத்தை நடத்தியவர் தவமணி அம்மையார். வயது நாற்பதுக்கு மேல் சொல்ல முடியாது. அவரைவிட மூத்த சீடர்கள்தான் அதிகம். அவர்கள் அவரை அம்மா என்பார்கள். அவர் அவர்களை அண்ணாச்சி என்பார். யாருக்கும் இதில் குழப்பம் வந்ததில்லை.

சீடர்களில் ஒருவர் கோமதிநாயகம். அறுபதைத் தாண்டியவர். மடத்துக்கு வருவதற்கு முன் கேபிள் டிவி நடத்தினார். மரத்துக்கு மரம் வயர் கட்டி ஊர் முழுக்கப் படம் காட்டியவர். மடத்தில் பல்பு எரியாவிட்டாலும் மோட்டார் ஓடாவிட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

ஒரு நாள் காலை அம்மையார் அவரைக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, பெரிய வீட்டுல நெட் வருதுல்லா. அது கிடங்குக்கும் போகணும்."

"போகும் அம்மா."

"செல்போன் டவர் இந்த மலைக்குள்ள எட்டிப் பார்க்காது. படுத்திருக்கிறவங்க வீட்டு ஆட்கள் முகத்தையே பார்க்காம கிடக்காங்க."

"அதுக்கு ஒரு பெட்டி இருக்கு. இங்க வர்றதைப் பிடிச்சு அங்க விடும். எக்ஸ்டெண்டர்னு சொல்லுதாங்க. எங்க காலத்துல பூஸ்டர்னு சொல்லுவோம். ஏறக்குறைய அதே சோலிதான்."

"வெள்ளிக்கிழமை காலைக்குள்ள முடியுமா?"

"முடியும். அதென்ன வெள்ளிக்கிழமை?"

"புதுசா வந்திருக்கிற ஆவுடையப்பன் அண்ணாச்சி மகளுக்கு அன்னைக்குச் சிங்கப்பூர்ல கல்யாணம். ஒரே மகள். இவர் டிக்கெட் எல்லாம் எடுத்து வச்சிருந்தார். பரண்ல சூட்கேஸை எடுக்க ஏறி விழுந்துட்டார். போன்லயாவது தாலி கட்டுறதைப் பார்க்கணும்னு கேக்கார்."

கோமதிநாயகம் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார்.

ஆவுடையப்பன் மடத்துக்கு வந்த அன்றே அவருக்குத் தெரியும். அன்றிலிருந்து அவர் கிடங்குப் பக்கம் போகவில்லை. கஞ்சி ஊற்றும் வேலையை வேறொருவரிடம் தள்ளிவிட்டு மாட்டுத் தொழுவத்தை எடுத்துக்கொண்டார். மாடு பழைய கதை பேசாது.

பழைய கதை இதுதான். கேபிள் டிவியை அவர்கள் இருவரும் சேர்ந்துதான் நடத்தினார்கள். தினமும் சாயங்காலம் உள்ளூர் சேனலில் படம் போடுவதற்கு முன், ஒரு தாமரை சுற்றிக்கொண்டே வந்து நிற்கும். அதன் கீழே 'கோமதி ஆவுடை கேபிள் விஷன்' என்று பெயர் வரும். ஒரு நாள் கோமதிநாயகம் சலூனில் முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்தார். சுவரில் டிவி ஓடியது. தாமரை சுற்றி வந்து நின்றது. கீழே 'ஆவுடை கேபிள் விஷன்' என்று மட்டும் வந்தது.

சவரம் செய்தவர் கத்தியை எடுத்துவிட்டு, "அண்ணாச்சி, உங்க பேரைக் காணோமே" என்றார்.

ஊரே பார்க்கும்போதுதான் அவருக்கும் தெரிந்தது. பாதி முகத்தில் நுரையோடு எழுந்து போனார். கண்ட்ரோல் ரூம் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. அவர் கத்தவில்லை. வெளியே சாத்தி வைத்திருந்த தன் ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். அதன் பிறகு ஆவுடையப்பனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னால் ஒரு பெரிய கம்பெனி வந்து ஆவுடையப்பனின் தொழிலை விழுங்கியது என்று கேள்விப்பட்ட அன்று இரண்டு வடை கூடுதலாகச் சாப்பிட்டார்.

மகளையும் அவருக்குத் தெரியும். வடிவு என்று பெயர். சின்னப் பிள்ளையாக இருந்தபோது கண்ட்ரோல் ரூமுக்கு வந்து பூஸ்டர் பெட்டியின் மேல் உட்கார்ந்துதான் சாப்பிடுவாள். அது இளஞ்சூடாக இருக்கும். அவரைப் பெரியப்பா என்பாள்.

அம்மையார் அதற்குள் தன் வேலைக்குத் திரும்பியிருந்தார். கை முறிந்து வந்த ஒரு பெண்ணுக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

கோமதிநாயகம் பக்கத்தில் போய் நின்றார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"கெடுதல் செஞ்சவனுக்கு நாம எதுக்கு நல்லது செய்யணும்?"

அம்மையார் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இந்த எலும்பு ரெண்டா நிக்குது. எப்படிச் சேரும்?"

"நீங்க ஒட்டுவீங்க. சேரும்."

"நான் ஒட்டுறதில்லை அண்ணாச்சி. கிட்ட கொண்டுவந்து வைக்கிறேன். அவ்வளவுதான் நம்ம வேலை."

கோமதிநாயகம் அந்த வார்த்தையை மனதில் வாங்கிக்கொண்டார். தனக்கு வேண்டிய மாதிரி வாங்கிக்கொண்டார்.

மறுநாள் பஸ் ஏறிப் போய்ப் பெட்டியை வாங்கினார். கடைக்காரர் அதைச் சுற்றிக் கொடுத்துக்கொண்டே, "நெட் வர்ற வீட்டுக்கும் கிடங்குக்கும் நடுவுல வைங்க அண்ணாச்சி. கிடங்குக்குள்ள கொண்டுபோய் மாட்டிராதீங்க" என்றார்.

"எனக்குச் சொல்லித் தாரீரா?" என்றார் கோமதிநாயகம்.

உண்மையில் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பூஸ்டரைப் படம் நன்றாக வருகிற இடத்தில் வைக்க வேண்டும். படம் மங்கத் தொடங்குவதற்கு முன்னால் வைக்க வேண்டும். மங்கிய பிறகு வைத்தால் அது புள்ளியைத்தான் பெரிதாக்கிக் காட்டும். தன்னிடம் வந்ததைத்தான் அது கொடுக்கும். வராததை அதனால் கொடுக்க முடியாது. இதை அவர் மழையிலும் வெயிலிலும் மரம் ஏறிக் கற்றவர்.

தெரிந்தும், பெட்டியைக் கிடங்குக்குள் கொண்டுபோனார். ஆவுடையப்பனின் கட்டிலுக்கு நேர் மேலே ஆணி அடிக்கத் தொடங்கினார்.

ஆவுடையப்பன் காலில் மணல் மூட்டை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அவரால் புரண்டு படுக்க முடியாது. தலையை மட்டும் திருப்பினார்.

"என்னவே கோமதி, சுகமா இருக்கீரா?"

கோமதிநாயகம் ஆணியைப் பார்த்தபடி பேசினார். "பேச்சு வேண்டாம். சோலி பார்க்கேன்."

"பாரும். என் தலைக்கு மேலயே மாட்டுதீரே."

"கிட்ட வைக்கணும்னு அம்மா சொல்லியிருக்காங்க."

"சுத்தியலைக் கீழ போட்டுராதேயும். இடுப்பு ஒண்ணுதான் போயிருக்கு. மண்டை பாக்கி இருக்கு."

கோமதிநாயகம் பெட்டியை மாட்டிச் சுவிட்சைப் போட்டார். அதில் இரண்டு விளக்குகள் இருந்தன. கரண்ட் வந்தால் ஒன்று பச்சையாக எரியும். பெரிய வீட்டிலிருந்து நெட் சரியாக வந்து சேராவிட்டால் இன்னொன்று சிவப்பாக எரியும். சிவப்பு எரிந்தது. அவர் இடுப்பிலிருந்து கருப்பு டேப்பை எடுத்தார், பல்லால் ஒரு துண்டு கடித்தார், சிவப்பு விளக்கின் மேல் ஒட்டினார்.

ஆவுடையப்பன் பெட்டியைப் பார்த்தார். டேப்பைப் பார்த்தார். திறந்திருந்த கதவு வழியாகத் தூரத்தில் தெரிந்த பெரிய வீட்டைப் பார்த்தார். அவரும் மரம் ஏறியவர்தான்.

"நல்லா மாட்டியிருக்கீரு" என்றார்.

கோமதிநாயகம் சுத்தியலை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

கிடங்கில் ஒரே சந்தோஷம். எல்லோருடைய போனிலும் சிக்னல் கோடு முழுதாக நின்றது. ஆளாளுக்கு வீட்டுக்குப் போன் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் சந்தோஷம் குறைந்தது. தொடை முறிந்து கிடந்த லாரி டிரைவர் ஒருவர் தொழுவம் வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினார்.

"அண்ணாச்சி, கோடு முழுசா நிக்குது. பேரன் மூக்கு வரைக்கும்தான் வந்திருக்கான்."

"பொறும். மிச்சமும் வருவான்" என்று கோமதிநாயகம் தொழுவத்திலிருந்தே பதில் சொன்னார்.

"நேத்து வரைக்கும் வராதுன்னு தெரியும், பேசாம கிடந்தேன். இப்ப வர்ற மாதிரி காட்டிட்டு வரமாட்டேங்கான். இது அதைவிடக் கொடுமையா இருக்கு."

"வானம் மூட்டமா இருக்குல்லா. அதான்."

வானம் மூட்டமாக இல்லை.

அன்று சாயங்காலம் கோமதிநாயகம் புல்லுக்கட்டோடு கிடங்கின் பின்புறமாக வந்தார். உள்ளே ஆவுடையப்பன் மகளுக்குப் போன் போட்டு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெண்குரல் வந்தது.

"அப்பா, கேக்குதா? அப்பா... கேக்... பா..."

குரல் நின்றது.

"வடிவு, கேக்கும்மா. நீ பேசு" என்றார் ஆவுடையப்பன். "நீ பேசு. எனக்குக் கேக்கும்."

வேறு சத்தம் எதுவும் வரவில்லை. கோமதிநாயகம் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு புல்லுக்கட்டைத் தலையில் சரி செய்துகொண்டு நடந்தார். மாடு காத்திருந்தது.

அம்மையார் அன்று இருட்டுவதற்கு முன் போனைக் கையில் பிடித்துக்கொண்டு பெரிய வீட்டிலிருந்து கிடங்கு வரைக்கும் நடந்தார். சேலத்தில் இருக்கும் தன் அக்காவோடு முகம் பார்த்துப் பேசிக்கொண்டே நடந்தார். கிணற்றடியில் ஒரு தடவை நின்றார். கிடங்கு வாசலில் ஒரு தடவை நின்றார். பிறகு பேசுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினார். தொழுவத்தைக் கடக்கும்போது கோமதிநாயகத்தைப் பார்த்து, "மாடு நல்லா தின்னுதா அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டார்.

"தின்னுது அம்மா."

வியாழக்கிழமை மதியம் அம்மையார் மறுபடி தொழுவத்துக்கு வந்தார். கையில் ஒரு பெரிய தூக்குச்சட்டி. மூடி போட்டிருந்தது.

"கஞ்சி ஊத்துறவர் ஊருக்குப் போயிருக்கார். நீங்க வாங்க."

மறுக்க முடியாது. கோமதிநாயகம் கையைக் கழுவிக்கொண்டு பின்னால் போனார். கிடங்குக்குள் எல்லோரும் தட்டை நீட்டியபடி கிடந்தார்கள். அம்மையார் சட்டியையும் அகப்பையையும் அவர் கையில் கொடுத்தார்.

"முதல்ல இவருக்கு ஊத்துங்க" என்று ஆவுடையப்பனைக் காட்டினார்.

கோமதிநாயகம் மூடியைத் திறந்தார்.

"சட்டி காலியா இருக்கு அம்மா."

"ஊத்துங்க அண்ணாச்சி."

"இல்லாததை எப்படி ஊத்த?"

"கட்டிலுக்குக் கிட்டதான நிக்கீங்க."

கோமதிநாயகத்தின் கையில் அகப்பை அப்படியே நின்றது. லாரி டிரைவர் நீட்டிய தட்டை மெதுவாக வயிற்றின் மேல் வைத்துக்கொண்டார்.

"இன்னைக்கு விரதமா?" என்று பக்கத்துக் கட்டிலைக் கேட்டார்.

யாரும் சிரிக்கவில்லை.

அம்மையார் தலையைத் தூக்கிச் சுவரிலிருந்த பெட்டியைப் பார்த்தார்.

"அந்தக் கருப்பு டேப்பு எதுக்கு அண்ணாச்சி?"

கோமதிநாயகம் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து பதில் வந்தது.

"நான்தான் ஒட்டச் சொன்னேன் அம்மா" என்றார் ஆவுடையப்பன். "சிவப்பு விளக்கு. ராத்திரி கண்ணு கூசுது."

"அப்படியா" என்றார் அம்மையார். கோமதிநாயகத்தின் பக்கம் திரும்பினார். "அடுப்படியில கஞ்சி ஆறிக்கிட்டிருக்கு. போய் வாங்கிட்டு வாங்க."

கோமதிநாயகம் முற்றத்தைக் கடந்து போய்ச் சட்டி நிறைய கஞ்சி வாங்கிக்கொண்டு வந்தார். எல்லோருக்கும் ஊற்றினார். ஆவுடையப்பனுக்குக் கடைசியில் ஊற்றினார். ஊற்றிவிட்டு நகரவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"எதுக்குவே பொய் சொன்னீரு?"

"நீரு எதுக்கு டேப்பு ஒட்டினீரு?"

"மாட்டும்போதே உமக்குத் தெரியும்லா."

"தெரியும்."

"சொல்லியிருக்கலாம்லா."

"சொன்னா நகத்தியிருப்பீரா?"

"மாட்டேன்."

"பெறவு?"

கோமதிநாயகம் சட்டியின் விளிம்பைத் துடைத்தார். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை. இத்தனை வருடமாகக் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"என் பேரை எதுக்கு எடுத்தீரு?"

ஆவுடையப்பன் ஒரு வாய் கஞ்சி குடித்தார்.

"தாமரையைப் பெருசாப் போடணும்னு டிசைன் போடுறவன்கிட்ட சொன்னேன். பெருசாக்கினா கீழ ரெண்டு பேரு நிக்கலைன்னான்."

"தாமரைக்காகவா?"

"அன்னைக்கு அது பெருசாத் தெரிஞ்சுது."

"புதுப் பூட்டு?"

"நீரு வந்து சண்டை போடுவீருன்னு பயந்து மாட்டினேன். நீரு ஏணியைத் தூக்கிட்டுப் போயிட்டீரு. பெறவு யாருக்குப் பூட்டைத் திறக்க?"

"தாமரையைச் சின்னதாக்கியிருக்கணும்வே."

"ஆக்கியிருக்கணும்தான்."

கோமதிநாயகம் காலித் தட்டை வாங்கிக்கொண்டு எழுந்தார். மனம் இளகவில்லை. தாமரைக்காகத்தான் என்று தெரிந்த பிறகு கோபம் இன்னும் கொஞ்சம் கூடியிருந்தது. அந்தக் கோபத்தோடுதான் சுவரிலிருந்த பெட்டியைக் கழற்றினார். டேப்பை உரித்துச் சுருட்டிச் சன்னலோரம் எறிந்தார்.

"கொண்டு போயிறாதேயும்" என்றார் ஆவுடையப்பன். அவர் குரல் முதல் தடவையாகத் தாழ்ந்திருந்தது. "நாளைக்குக் காலையில முகூர்த்தம்."

"தெரியும். வாயை மூடிக்கிட்டுக் கிடயும்."

போனைக் கையில் பிடித்துக்கொண்டு பெரிய வீட்டிலிருந்து மெதுவாக நடந்தார் கோமதிநாயகம். படம் ஓடிக்கொண்டிருந்தது. முற்றத்தின் நடுவில் ஓடியது. கிணற்றடியில் ஓடியது. கிணற்றைத் தாண்டி வேப்பமரத்தடிக்குப் போனதும் திணறியது. அவர் கிணற்றடிக்குத் திரும்பினார்.

கிணற்றை ஒட்டி மோட்டார் அறை இருந்தது. ஓடு வேய்ந்த சின்ன அறை. அதன் சன்னல் கிடங்கைப் பார்த்து இருந்தது. மோட்டாருக்கு வந்த கரண்டிலிருந்து ஒரு பிளக் எடுத்து, பெட்டியைச் சன்னல் திட்டில் வைத்தார். உள்ளே தள்ளி வைத்தால் சுவர் மறைக்கும். திட்டுதான் சரியான இடம். சுவிட்சைப் போட்டதும் இரண்டு விளக்கும் பச்சையாக எரிந்தன.

கிடங்கில் கிணற்றைப் பார்த்த சன்னல் ஒன்று இருந்தது. ஆவுடையப்பனின் தலைமாட்டில்தான் இருந்தது. துருப்பிடித்து மூடியபடியே கிடந்தது. கோமதிநாயகம் சுத்தியலை எடுத்துவந்து நாலு அடி அடித்துத் திறந்தார்.

"காத்து அடிக்குதுவே" என்றார் ஆவுடையப்பன்.

"படமும் வரும். துண்டைக் காதுல சுத்திக்கிடும்."

லாரி டிரைவர் ஏற்கெனவே போன் போட்டிருந்தார். அவர் போனில் ஒரு சின்னப் பையன் பல் காட்டிச் சிரித்தான்.

"பேரனுக்குத் தாடை வந்துருச்சு" என்று லாரி டிரைவர் கிடங்குக்கே அறிவித்தார்.

அம்மையார் பெரிய வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போனார்.

வெள்ளிக்கிழமை விடியும்போது சாரல் பிடித்துக்கொண்டது. கணவாய் வழியாகக் காற்று தள்ளிக்கொண்டு வந்தது. கோமதிநாயகம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு மோட்டார் அறையைப் பார்க்க வந்தார். சன்னல் திட்டுக்கு நேர் மேலே ஓடு உடைந்திருந்தது. வெயில் காலத்தில் அது தெரியவில்லை. இப்போது தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பெட்டிக்கு ஒரு சாண் பக்கத்தில் சொட்டியது. சன்னல் வழியாகச் சாரல் வேறு அடித்தது.

ஒரு பாலித்தீன் பையைக் கட்டிப் பார்த்தார். காற்று பிய்த்துக்கொண்டு போனது. சாக்கைத் தொங்கவிட்டார். அது நனைந்து பெட்டியின் மேலேயே சாய்ந்தது. இந்தக் காற்றில் ஓட்டின் மேல் ஏற முடியாது. கிடங்கிலிருந்து நாதஸ்வரம் கேட்கத் தொடங்கியது. சிங்கப்பூரில் முகூர்த்தம் நெருங்கிவிட்டது.

கோமதிநாயகம் தொழுவத்துக்கு ஓடிக் குடையை எடுத்து வந்தார். கீழே ஒரு காய்ந்த பலகையைப் போட்டு அதன் மேல் ஏறி நின்றார். ஈரத்தில் நின்று கரண்டுக்குப் பக்கத்தில் போகிற ஆள் இல்லை அவர். குடையைப் பெட்டிக்குப் பிடித்தார். ஓட்டிலிருந்து சொட்டியது அவர் கழுத்தில் விழுந்து முதுகில் இறங்கியது. பெட்டியில் இரண்டு விளக்கும் பச்சையாக எரிந்தன.

அங்கிருந்து அவருக்குக் கிடங்கின் சன்னல் தெரிந்தது. ஆவுடையப்பனின் உச்சந்தலை தெரிந்தது. போன் தெரியவில்லை. சத்தம் மட்டும் வந்தது. ஐயர் மந்திரம் சொன்னார். யாரோ ஒரு பெண் பூக்கூடையைத் தேடினாள். பிறகு கெட்டிமேளம் கேட்டது. கிடங்கில் படுத்திருந்தவர்கள் வேப்பம்பூவும் அரிசியும் கலந்து கையில் வைத்திருந்தார்கள். இருந்த இடத்திலிருந்தே ஆவுடையப்பனின் போனைப் பார்த்து எறிந்தார்கள். பாதி லாரி டிரைவரின் மேல் விழுந்தது.

ஆவுடையப்பன் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

பிறகு கூப்பிட்டார்.

"வே கோமதி."

"என்னவே."

"வடிவு உம்மைக் கேக்கா. பெரியப்பா அங்கதான் இருக்காங்களாமே, எங்கன்னு கேக்கா."

கோமதிநாயகம் குடையை இறுக்கிப் பிடித்தார்.

"நான் வந்தா படம் நின்னுரும்னு சொல்லும்."

"நின்னா நிக்கட்டும். ஒரு நிமிசம் வந்து முகத்தைக் காட்டிட்டுப் போவும்."

"பிள்ளை இன்னும் மாலை மாத்தலை. நீரு அவ முகத்தைப் பாரும். என் முகத்தைப் பெறவு பார்த்துக்கிடலாம்."

அந்தப் பக்கம் வடிவு ஏதோ சொன்னாள். மழையில் கேட்கவில்லை. ஆவுடையப்பன் தொண்டையைச் செருமினார். பிறகு, கேபிளில் விளம்பரம் வாசிக்கிற பழைய குரலில், கல்யாண மண்டபத்துக்கும் கிடங்குக்கும் சேர்த்துப் பேசினார்.

"சிங்கப்பூர்ல கூடியிருக்கிற எல்லாருக்கும் வணக்கம். இந்த ஒளிபரப்பை உங்களுக்கு வழங்குவது, கோமதி ஆவுடை கேபிள் விஷன்."

லாரி டிரைவர் கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள்.

கோமதிநாயகம் குடையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டார். முகத்தைத் தோளில் துடைத்தார். தோளும் ஈரமாகத்தான் இருந்தது.

நாதஸ்வரம் நின்று வெகு நேரம் கழித்து, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அம்மையார் மோட்டார் அறைக்கு வந்தார். கோமதிநாயகம் அதே பலகையில் நின்றார். வேட்டி காலோடு ஒட்டியிருந்தது. பெட்டியின் மேல் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

"கல்யாணம் முடிஞ்சுது அண்ணாச்சி. அணைச்சுட்டு வாங்க."

"லாரிக்காரர் இன்னும் பேரன்கிட்ட பேசிக்கிட்டிருக்கார் அம்மா. முடிக்கட்டும்."

அம்மையார் திரும்பிப் போகவில்லை. சுவரில் சாய்ந்து நின்றார். இருவரும் மழையைப் பார்த்தார்கள்.

"அம்மா."

"சொல்லுங்க."

"ஆவுடை என் பேரை எதுக்கு எடுத்தான் தெரியுமா? தாமரை பெருசாத் தெரியணும்னு எடுத்திருக்கான்."

"ம்."

"இன்னைக்குத் திருப்பிச் சொல்லிட்டான். எல்லாரும் கேட்டாங்க. ஆனாலும் எனக்கு அவன் மேல கோவம் போகலை. நேத்து இருந்ததைவிடக் கூடத்தான் இருக்கு."

அம்மையார் தலையிலிருந்த துண்டை எடுத்துப் பிழிந்தார்.

"இந்தக் கோவத்தை வச்சுக்கிட்டு உங்க சீடன்னு நான் இங்க இருக்கலாமா?"

அம்மையார் தலையைத் தூக்கி உடைந்த ஓட்டைப் பார்த்தார். ஒரு சொட்டு திரண்டு, தொங்கி, கோமதிநாயகத்தின் கழுத்தில் விழுந்தது.

"கோவம் இருக்கட்டும் அண்ணாச்சி. அது மழையில கிடக்கட்டும். பெட்டிக்கு ஓடு போடுங்க."